ரமீஜா என்ற ஃபோல்டர்

கணினி மறுபடி உயிர் பெற்றபோது திரையில் வெறும் நீலம்தான் இருந்தது. நுஃமானின் எம்பிராய்டரி டிசைன்களில் ஒன்றுகூட இல்லை.

ரமீஜா செய்ய நினைத்தது சின்ன வேலை. ஆன்லைன் வகுப்புக்காகப் பைதான் மொழியை வீட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். வகுப்பில் கொடுத்த மென்பொருள் பாதியில் நின்றது. அது போய் உட்காரும் ஃபோல்டரின் பெயர் ஆங்கிலத்தில் இல்லையாம். கல்யாணமான வாரத்தில் இந்தக் கணினியை வாங்கிய அவள் கணவன் நுஃமான், கணினிக்குள் நுழையும் கணக்குக்கு ஆசையாகத் தமிழிலேயே 'ரமீஜா' என்று பெயர் வைத்திருந்தான். அவன் வேலை முழுவதும் அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள் இருந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து, வேறொரு கணக்கு திறந்து, அதன் வழியாக ஃபோல்டரின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினாள். திரும்பத் தன் கணக்குக்குள் வந்து பார்த்தால் எல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

வில்லியனூர் மணப்பெண்ணின் ரவிக்கை டிசைனும் அதில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை நிக்காஹ். பென் டிரைவிலும் இருக்காது. கடை எம்பிராய்டரி மெஷின் குழம்பக்கூடாது என்று பழையதை அழித்துவிட்டு, தைக்கிற அன்றுதான் புதிய டிசைனை அதில் ஏற்றுவான். அதை ஏற்றிக்கொண்டு போகத்தான் இப்போது கடையிலிருந்து மூலக்குளத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் குரலை உயர்த்தியதே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்த முகம் கோபத்தில் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியாது.

வாசலில் வண்டிச் சத்தம். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"கரண்ட் போயிடுச்சுங்க."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் காது கொடுத்தான். "பக்கத்து வூட்ல மிக்ஸி ஓடுது, ரமீ."

அவளால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவிட்சைப் போட்டுக் கணினி முன் உட்கார்ந்தான். தேடினான். ஒன்றும் இல்லை. பெண் வீட்டில் என்ன சொல்வது என்று தனக்குள் முணுமுணுத்தான். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"கடசியா இன்னா மாத்துன?"

"பேரு. என் பேரத்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கணினி இன்னும் பழைய பெயரைத்தானே தேடிக்கொண்டிருக்கும்? மற்றக் கணக்குக்குள் போய், விரல் தவறித் தவறி, தமிழில் தன் பெயரைத் திரும்ப அடித்தாள். கணினியை அணைத்து மறுபடி போட்டாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பயத்தில் அவன் கையைப் பற்றினாள். அவனும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டிசைன்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

நுஃமான் முதலில் ரவிக்கை டிசைனைப் பென் டிரைவில் ஏற்றினான். போனிலும் ஒன்று ஏற்றிக்கொண்டான். பிறகுதான் மூச்சு விட்டான்.

"எனக்கு இந்தப் படிப்பே வேணாங்க," என்றாள்.

"ஏன் வேணாம்? ஒன் பேருக்குள்ள அந்தப் பைதான் வரமாட்டேன்னா, வெளிய தனி ஃபோல்டரு ஒண்ணு போட்டுக் குடு. பேர மட்டும் மாத்தாத."

தனி ஃபோல்டர் போட்டாள். ஆனால் மென்பொருளை அதில் ஏற்ற மவுஸை அழுத்த விரல் வரவில்லை. பக்கத்தில் நிற்கச் சொன்னாள். கடையிலிருந்து மெஷின் ஓட்டுபவர் இரண்டு முறை போனில் கூப்பிட்டுவிட்டார். அவன் போனைப் பையில் போட்டுவிட்டு, அவள் நாற்காலியைப் பிடித்தபடி நின்றான்.