எழுபது வயதுக்கான சம்பளம்

மதிய மணி அடித்ததும் சலவைக்கூடத்தின் இயந்திரங்கள் நின்றன. ஆவி மட்டும் அடங்கவில்லை. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக் கொடுக்கும் இளம்பெண் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அங்கே 'சிக்கனம்' என்று பட்டப்பெயர். அவள் கணவன் அதே கூடத்தின் வேன் ஓட்டுநர்.

மேற்பார்வையாளர் நல்ல செய்தி என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓய்வுக்காலத்துக்கென்று மாதாமாதம் பிடிக்கும் தொகையை இனி நிறுத்திவிடலாம். முழுச் சம்பளமும் கைக்கு வரும். போதாததற்கு ஆளுக்கொரு போனஸ். முதலாளி தன் பங்காகப் போட்டுவந்த பணமும் அதோடு நின்றுவிடும் என்பதை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தார். ஒரே நிபந்தனை, எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் போனஸ் கிடையாது.

கைகள் உயர்ந்தன. வேன்காரனின் கைதான் முதலில். அவன் மனதுக்குள் புது பைக்கையே ஓட்டத் தொடங்கிவிட்டான். ஈரத்துணிப் பகுதியில் இருந்த பெரியக்காவும் கையைத் தூக்கினாள். வேலையை விட்டிருக்க வேண்டிய வயது அவளுக்கு. வீங்கிய முழங்காலுக்கு மருந்து வாங்கலாமே என்ற நினைப்பு.

சிக்கனம் மட்டும் கையைத் தூக்கவில்லை.

இந்த வயதில் பென்ஷன் கவலையா என்று மேற்பார்வையாளர் கேலி செய்தார். "வீட்டுல ஸ்டியரிங் யார் கையில மச்சான்?" என்று ஒருவன் வேன்காரனைச் சீண்ட, கூடமே சிரித்தது. அவன் முகம் சிவந்து மனைவியிடம் வந்து, பத்து வருடம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாகக் கெஞ்சினான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"இப்ப போடற கொஞ்சக் காசுக்கு வளர நாள் இருக்கு. அப்புறம் அள்ளிக் கொட்டினாலும் போன நாள் வருமா?" பிறகு மேற்பார்வையாளரைப் பார்த்தாள். "எழுபது வயசுல எனக்கு யாரும் சம்பளம் தரமாட்டாங்க சார். அதை இப்பவே நான் எனக்குக் குடுத்துக்கிட்டு வரேன். எடுத்துச் சாப்பிட எனக்கே மனசு வரல. நீங்க கேக்கறீங்க."

அன்று அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. சாப்பாட்டுக்குப் பின் வழக்கம்போல், பெரியக்கா குனிய வேண்டாமென்று சிக்கனம் ஈர விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றப் போனாள்.

"நீ கையத் தூக்கியிருந்தா என் காலுக்கு மருந்து வந்திருக்கும்டி," என்றாள் பெரியக்கா.

சிக்கனம் அடுத்த விரிப்பைத் தூக்கினாள். சண்டையைத் தொடர வந்த கணவன், அவள் தனியாகத் திணறுவதைக் கண்டு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தான். காய்ந்து மடித்த துணிகளை மட்டுமே சுமந்து பழகியவன் அவன். ஈரக் கனம் தோளை இழுத்தது. காலையெல்லாம் இதையா தனியாகத் தூக்குகிறீர்கள், எப்போது நிறுத்தப் போகிறீர்கள் என்று பெரியக்காவைக் கேட்டான்.

"நிறுத்தினா அடுப்பும் நின்னுடும்ப்பா," என்று அவள் சிரித்தாள். "உன் வயசுல எனக்கும் சம்பளத்துல பிடிச்சாங்க. கைக்கு வரட்டும்னு நான்தான் வேணாம்னேன்."

கடவுள் இளமையைக் கொடுக்கும்போதே முதுமையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். நாம்தான் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறோம். வண்டி நிறையும்வரை வேன்காரன் விரிப்புகளைத் தூக்கிக் கொடுத்தான்.

மாலையில் மேற்பார்வையாளர் மீண்டும் வந்தார். உன் பெண்டாட்டியால் இத்தனை பேர் வாயில் மண் விழுகிறது, நீயாவது புத்தி சொல் என்று வேன்காரனிடம் சொன்னார். எல்லாருடைய கண்ணும் அவன்மேல் இருந்தது.

"என் கையையும் இறக்கிக்கறேன் சார்," என்றான் அவன். "பெரியக்காவுக்கு மருந்து நாங்க வாங்கித் தரோம். என் பழைய பைக் இன்னும் ஓடும். ஆனா வயசான காலத்துல வேலைக்கு வர்றது நம்ம விருப்பமா இருக்கணும், வயித்தோட உத்தரவா இருக்கக் கூடாது. அதுக்கு உடம்புல தெம்பு இருக்கறப்பவே எடுத்து வைக்கணும். எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சுக்கிட்டே இருங்க."