கொட்டு நிற்கும் இடம்

அய்யாவின் பாடையைத் தூக்கியதும் வாடிப்பட்டி மேளம் ஊரையே உலுக்கியது. ரோகிணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, முன்னால் கொள்ளிச்சட்டியோடு நடந்த தம்பி அழகுபாண்டியின் காதருகே கத்தினாள்.

"தம்பி, கல்லுப் பள்ளிக்கூடத்துக்கிட்ட கொட்ட நிப்பாட்டச் சொல்லுடா."

"அங்க யாருக்கா இருக்கா? பிள்ளைக புதுக் கட்டடத்துக்குப் போயி மூணு வருசமாச்சு. வவ்வாலா படிக்குது?"

"அய்யா நிப்பாட்டுவாருல்ல."

"தாத்தா சாவுக்கும்தான் நிப்பாட்டுனாரு. பெத்த அப்பன அனாதப் பொணமாக் கொண்டு போறான்னு ஊரே காறித் துப்புச்சு. எங்கய்யாவுக்கு ஒரு எடத்துலயும் நிக்காது."

அவன் குரல் உடைந்தது. வீம்புக்குப் பேசவில்லை என்று தெரிந்ததால் அவள் பின்னால் வந்த பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அவர்கள் அய்யா பேயாண்டி அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் பியூன். வீட்டுக்கொரு வண்டி கல் கொடுத்து ஊரே சேர்ந்து கட்டிய கட்டடம். இரண்டு முழக் கனத்தில் சுவர், மேலே செங்கல்லை வளைத்துக் கட்டிய கூரை. வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. சத்தம் மட்டும் அதற்கு ஆகாது. ரோட்டில் ஒரு கொட்டு விழுந்தால் உள்ளே நாலாகச் சுற்றும், வாத்தியாரின் வாய் அசைவதுதான் தெரியும். அதனால் எந்தப் பிணம் வந்தாலும் பேயாண்டி ரோட்டில் இறங்கிக் குறுக்கே நின்று, பள்ளிக்கூடம் தாண்டும்வரை கொட்டை நிறுத்திவிடுவார். பண்ணையார் வீட்டுப் பிணத்துக்கும் அதே சட்டம்தான். மூன்றாம் வகுப்புச் சன்னல் வழியே பார்த்த ரோகிணிக்கு அய்யாவைவிடப் பெரிய ஆள் உலகத்தில் கிடையாது.

பள்ளிக்கூடத்து வேம்பு வந்ததும் பெண்கள் நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் அவர்கள் போகும் வழக்கமில்லை. மேளம் நிற்கவில்லை. அய்யா வாழ்ந்ததற்கே அர்த்தமில்லாமல் போகிறதே என்று அவளுக்குத் தோன்றியது. பூட்டிய கதவுக்குப் பின்னால் கல் கூடம் அதிர்ந்துகொண்டிருந்தது.

நாலு எட்டு தாண்டிப் போன அழகுபாண்டி நின்றான். அவனும் படித்த மூன்றாம் வகுப்பின் சன்னலைப் பார்த்தான்.

"அண்ணே," என்றான் மேளக்காரரிடம். அவருக்குக் கேட்கவில்லை.

கொள்ளிச்சட்டியோடு ரோட்டின் நடுவே போய், மேளத்துக்குக் குறுக்கே நின்றான்.

கொட்டு நின்றது. உள்ளே மட்டும் அது ஒருமுறை சுற்றி வந்து அடங்கியது. அதன்பின் வெறும் காலடிச் சத்தம் பள்ளிக்கூடத்தைக் கடந்து போனது.