பூஞ்சை அழுத கண்ணீர்

1

ஒரு சொட்டுக் கண்ணீரின் விலை இருநூறு. இரண்டு சொட்டு வாங்கினேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

பழைய மரச்சாமான் கடையில் எழுதுமேசை ஒன்றுக்குப் பேரம். பேரம் பேசுகிறவர்கள் மத்தியில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட விடுப்பைக்கூட அப்பாவிடம் மூன்று நாள் கேட்டால்தான் ஒரு நாள் கிடைக்கும். விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டேன். அப்போது கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். கண் இரண்டும் வழிந்தது.

"எடுத்துட்டுப் போங்க சார். மரத்தோட அருமை தெரிஞ்சவர் வீட்டுக்குத்தானே போகுது."

குறைத்ததில் நானூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பா இருந்திருந்தால் என்னை யாருக்காவது தத்துக் கொடுத்திருப்பார்.

2

முதல் தொடக்கம்: 'அந்தத் தெருவின் மிகப் பெரிய நடிகர் மேடையே ஏறியதில்லை.' [அடித்துவிட்டேன். ஒருவரை அயோக்கியராக்கினால் எழுதுகிறவனுக்குத்தான் லாபம்.]

இரண்டாவது: 'மரத்தைப் பிரியும்போதெல்லாம் அழுகிற ஒருவர்' [தும்மல்.]

மூன்றாவது: 'அவருடைய மனைவி' [தும்மல், ஏழு.]

வாக்கியங்கள் அறுந்து கிடப்பது உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரமாக இந்த அறைக்குள் நுழைந்தால் மூக்கில் தண்ணீர், கண்ணில் அரிப்பு. காய்ச்சல் கிடையாது. தெருவில் இறங்கினால் ஒன்றுமில்லை. "பூஞ்சை ஒத்துக்கல போலிருக்கு. அறைக்குப் புதுசா என்ன வந்துச்சு?" என்றார் மருத்துவர். வந்து மேசையைக் கவிழ்த்தேன். அடிப்பலகை முழுக்கக் கரும்பச்சைப் பொட்டுகள்.

நானூறைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன்.

3

கல்லாவில் கடைக்காரரின் மனைவி. ஊரே கடைக்காரம்மா என்றுதான் கூப்பிடும். நான் வழக்கறிஞர் தோரணையில் என் அறிகுறிகளை அடுக்கினேன். பாதியில் கடைக்காரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"தும்மல் ஒண்ணொண்ணா வருமா, வரிசையாவா?"

"வரிசையா. ஏழு, எட்டு."

"மழை நாள்ல ஜாஸ்தியா?"

"ஆமா."

"வெளியூர் போனா?"

"போயே போச்சு."

கடைக்காரம்மாவின் பார்வை என்மேல் இல்லை. உள்ளே நாற்காலிக்கு மெருகு போட்டபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த கணவர்மேல் இருந்தது. படியேறினால் இரைக்கிற மூச்சு. வெளியூர் ஏலத்துக்குப் போனால் பத்து நாளும் தும்மாத மூக்கு. வீட்டில் ஒருநாளும் நனையாத கண்.

எழுந்து போய்ச் சுவரோரப் பீரோவை இழுத்தார். நானும் கைகொடுத்தேன். பின்னால் சுவர் இல்லை. [பிழை. சுவர் இருந்தது, தெரியவில்லை.] போர்வை அகலத்துக்குக் கறுப்பு, ஓரமெல்லாம் பச்சை, தொட்டால் ஈரம்.

"சார் சொன்ன அத்தனையும் உங்களுக்கும் இருக்கு" என்றார் கணவரிடம். பிறகு குரல் இறங்கியது. "ஏங்க... அப்ப அன்னிக்கு அழுதது?"

பதினோரு வருடத்துக்கு முன்னால், வயிற்றில் குழந்தை தங்கவில்லை என்பதைக் கடைக்காரம்மா இதே பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். இவருக்கு இது உறைக்காது என்று எண்ணி, அம்மா வீட்டுக்கே போய்விடப் பெட்டியும் கட்டியாகிவிட்டது. கணவரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அதைப் பார்த்துத்தான் பெட்டியைப் பிரித்தார்.

கடைக்காரர் மெருகுத் துணியைக் கீழே போட்டார்.

"எனக்கே தெரியலம்மா."

நானூறைக் கேட்காமலே வீடு திரும்பினேன்.

4

மறுநாள் கொத்தனார் வந்தார். [நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது.] கடைக்காரர் சுவருக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"சுவத்துல கை வைக்க வேணாம்."

"ஏன், வியாபாரம் படுத்துடுமா? அழுதே வித்துப் பழகியாச்சே!" என்றார் கடைக்காரம்மா.

"வியாபாரம் கெடக்குது. சுத்தம் பண்ணிட்டு, அதே எடத்துல நின்னு அதையே மறுபடி சொல்லிப் பார்ப்ப. என் கண்ணு காஞ்சு கெடந்தா பெட்டியக் கட்டிருவ."

சொல்லி முடிப்பதற்குள் ஐந்து தும்மல். கண் இரண்டும் வழிந்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் கடைக்காரம்மா அவரையே பார்த்தார்.

"வெளிய போய் நில்லுங்க" என்றார் கடைசியில். "மொதல்ல மூச்சு விடுங்க."

5

முடிவு ஒன்று: சுத்தமான சுவர் முன் சொன்னார்; கணவர் அழுதார். [இந்தச் சரக்கை நானே வாங்கமாட்டேன்.]

முடிவு இரண்டு: அழவில்லை, பெட்டி கிளம்பியது. [இப்போதுதான் ஒழுங்காக மூச்சு விடுகிற மனிதரிடம் இப்படியா?]

சுவர் காய்ந்து பத்தாம் நாள் போனேன். "மறுபடி சொன்னீங்களா?" என்று கேட்டேன். "சொன்னேன்" என்றார் கடைக்காரம்மா. கணவருக்காக மருத்துவர் தினமும் குறித்துவைக்கச் சொன்ன ஏட்டை என் பக்கம் திருப்பினார். மறுபடி சொன்ன நாளின் பக்கத்தை அப்படியே தருகிறேன். கடைசி வரியை அவர் எழுதவில்லை. என்னாலும் முடியவில்லை, நிரப்புவது உங்கள் பாடு.

தும்மல்: இல்லை.
மூக்கில் நீர்: இல்லை.
கண் அரிப்பு: இல்லை.
மூச்சிரைப்பு: இல்லை.
கண்ணீர்: ______