சுமித்திரா செய்த துருசு

ஒட்டுசுட்டானில் சுமித்திரா தன் கணினியில் ஓர் ஓட்டையை அடைத்தால், ஊரிலும் ஏதாவது ஓர் ஓட்டை அடைபட்டுவிடும். அவளுடைய வேலையே அதுதான். வெளிநாட்டுப் பொறியியலாளர்கள் வரைந்து அனுப்பும் பம்பு, வால்வு எல்லாம் திரையில் அசைக்கவே முடியாத பாரம். அவற்றின்மேல் சின்னச் சின்ன நாற்கோணங்களை வலைபோலப் பின்னி, அதே உருவத்தை இலேசாகச் செய்துகொடுப்பாள். பின்னலில் ஓர் இடைவெளியும் விடுபடக் கூடாது. முதல் பம்பு முடிந்த அன்று அயல்வீட்டுக் கூரை ஒழுக்கு நின்றது. பிறகு வாளிகள், சைக்கிள் ரியூப்புகள். பஞ்சர் ஒட்டும் கனகலிங்கம் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அயல்வீட்டுத் தயாளினியின் காதுத் துளை தூர்ந்து தோடு கழன்று விழுந்ததுதான் கொஞ்சம் சங்கடம்.

அந்தச் சிறுபோகத்தில் குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசுக் கதவு மூடியபிறகும் ஒழுகியது. தண்ணீர் வீணாகக் காட்டுக்குள் ஓடியது. கணவன் சிவகரனின் நெல் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. அது விளைந்தால் வற்றாப்பளை அம்மன் கோவிலில் மகளுக்குக் காது குத்துவதாக நேர்த்திக்கடன்.

"இஞ்சேரும், உந்தத் துருசையும் ஒருக்காச் செய்துவிடுமன்," என்றான் சிவகரன்.

சுமித்திரா துருசை அளந்து வந்து, வரைந்து, பின்னி முடித்தாள். தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்களை ஒரே தோலாகத் தைத்துவிடுவது அவளுடைய தொழில் பழக்கம். கதவையும் சட்டத்தையும் அப்படியே தைத்துவிட்டாள். விடிய ஒரு சொட்டும் ஒழுகவில்லை. கதவும் திறக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து கதவைத் தூக்கும் சக்கரத்தைத் திருக்கியும் அசையவில்லை. குளத்தில் தண்ணீர் கிடக்க, வயல் வெடித்தது.

"பிள்ளை, இது ரியூப் இல்லை. திறக்கவும் வேணும்," என்றார் கனகலிங்கம்.

சுமித்திராவுக்குச் சோறு இறங்கவில்லை. வயலைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தைத்ததை எல்லாம் பிரித்தாள். அப்போது ஊரில் மூன்று கூரைகளில் ஓட்டை விழுந்தது. மழையில்லாத காலம் என்பதால் ஒருவரும் கோபிக்கவில்லை. கதவுக்குத் தனித்தோல், சட்டத்துக்குத் தனித்தோல் எனப் பின்னி, நடுவில் மயிரிழை இடம் விட்டாள்.

குளக்கட்டிலிருந்து சிவகரன் போன் எடுத்தான். "கதவு ஏறுதப்பா. தண்ணி வாய்க்காலுக்கு வருது."

அவள் அழுதுவிட்டாள். மூடிப் பார்த்தார்கள், ஒழுக்கும் இல்லை.

ஆவணியில் நெல் வீடு வந்ததும் வற்றாப்பளைக்குப் போய் மகளுக்குக் காது குத்தினார்கள். புண் ஆறும்வரை சுமித்திரா கணினியைத் திறக்கவில்லை. கனகலிங்கத்தின் பஞ்சர் கடையில் அந்த நாட்களில் நல்ல சனம்.