ஜெயசுதனின் இடுப்பளவு

ஜெயசுதனின் இரத்தம், சிறுநீரகங்கள் பழுதாகிப்போன தங்கை கோபிகாவின் இரத்தத்தோடு பொருந்திவிட்டது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, கோபிகாவின் கணவன் சிவகரனின் இரத்தம் வேறு வகை. ஆகவே சிறுநீரகம் கொடுக்கப்போவது அண்ணன்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஆனால் டொக்டர் அவன் வயிற்றைச் சுற்றி நாடா பிடித்து அளந்தார். ஸ்கான் அறிக்கையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இப்ப உங்களிட்டை எடுக்கேலாது. ஈரலிலை கொழுப்பு. இரத்தத்திலை சீனியும் கூடத் தொடங்கியிட்டுது. உந்த வண்டி வயித்தோடை ஒரு கிட்னியை எடுத்தால் பிறகு நீங்களும் தங்கச்சி மாதிரி மெசினிலை படுக்க வேண்டி வரும். வயித்தைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ, பாப்பம்."

ஜெயசுதனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. சாவகச்சேரியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தான். கையும் காலும் மெலிவு, வயிறு மட்டும் முன்னால் தள்ளி நின்றது. ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கும்போது அவனுக்கு நெஞ்சு இலேசானது. கத்தி வைக்கமாட்டார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தான் எதற்காகச் சந்தோசப்பட்டான் என்பது உறைத்தது. பஸ் கைதடி ஊரைத் தாண்டும்வரை யன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பின்னேரம் கோபிகாவிடம் போய் விசயத்தைச் சொன்னான். முந்தின நாள்தான் அவளுக்கு இரத்தம் சுத்திகரித்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்திருந்தவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணை, உங்களுக்குப் பயமெண்டால் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான்.

"ஓம் கோபி. சரியான பயம்."

"எனக்கும்தான்," என்றாள் அவள்.

பயத்தை வெளியே சொன்ன பிறகு ஜெயசுதனுக்கு மூச்சு விட வசதியாக இருந்தது. போகும்போது வாசலில் நின்று, "பயம் ஒரு பக்கம் கிடக்கட்டும். நான் வண்டியைக் குறைக்கிறன்," என்றான்.

அடுத்த கிழமை மனைவி நிவேதனாவோடு போஷாக்கு கிளினிக்குக்குப் போனான். அங்கே உணவு ஆலோசனை சொல்கிற இளம் மிஸ், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

"பெரிசா ஒண்டும் இல்லை மிஸ். காலமை சாப்பிடுறேல்லை. மத்தியானம் கொஞ்சச் சோறு. கடை பூட்டியிட்டு வந்து இரவுதான் ஆறுதலாப் புட்டுச் சாப்பிட்டிட்டுப் படுக்கிறது."

"பத்து மணிக்குத் தின்னுற பொரிச்ச றோல்ஸைச் சொல்லுங்கோ," என்றாள் நிவேதனா. "பால் தேத்தண்ணியைச் சொல்லுங்கோ. பின்னேரத்து இனிப்பு வாய்ப்பன், மேசையிலை எந்த நேரமும் கிடக்கிற மிக்சர்…"

"அதெல்லாம் சாப்பாடே? சும்மா வாய்க்கு."

மிஸ் சிரிக்கவில்லை. "சும்மா வாய்க்குப் போடுறதும் வயித்துக்குத்தானே போகுது? காலமை வெறும் வயிறு. அதாலை பகல் முழுக்க எண்ணெயும் சீனியும் தேடுறீங்கள். இரவு பெரிய கோப்பை நிறையப் புட்டு, உடனை படுக்கை. நீங்கள் கூடச் சாப்பிடுறதை விட, சாப்பிடுற நேரம்தான் குழம்பிக் கிடக்குது எண்டு நினைக்கிறன். முதலிலை காலமை சாப்பிடுங்கோ."

முதல் நாட்கள் பொல்லாதவை. காலையில் இடியப்பம் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. ஆனால் பத்து மணிக்கு, பழக்கதோசத்தில், பசி சரியாக வந்து நின்றது. பக்கத்துத் தேநீர்க்கடை முத்துக்குமாரு வழக்கம்போல் றோல்ஸ் தட்டை நீட்டினார். ஜெயசுதன் வேண்டாமென்றான். மூன்றாம் முறையும் வேண்டாமென்றபோது அவர் நேரே கடைக்குள் வந்துவிட்டார்.

"என்ன தம்பி, என்ரை றோல்ஸிலை ஏதும் பிழையோ?"

ஜெயசுதன் விசயத்தைச் சொன்னான். அவர் திரும்பிப் போனார். மறுநாள் பத்து மணிக்குச் சீனி போடாத தேத்தண்ணியும் ஒரு கிண்ணம் அவித்த கடலையும் வந்தன. காசு வாங்க மறுத்துவிட்டார்.

நிவேதனா மத்தியானத்துக்குக் கீரையும் மீனும் வைத்துச் சோறு கட்டிக் கொடுத்தாள். ராச்சாப்பாடு பொழுது படுகிற நேரத்துக்கு வந்தது. சாப்பிட்ட பிறகு இருவரும் வயல் றோட்டில் நடந்தார்கள். ஒரு கலியாண வீட்டில் அவன் தன்னை மறந்து கொத்துரொட்டியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான்.

"ஒரு நாளிலை ஒண்டும் கெடாது. காலமை எழும்பிச் சாப்பிடுங்கோ," என்றாள் நிவேதனா.

மாதங்கள் போயின. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. கடை மாடிக்குச் சாமான் ஏற்றினால் மூச்சு வாங்கவில்லை. டொக்டர் மறுபடி நாடா பிடித்தார், இரத்தத்தைப் பார்த்தார், ஈரலைப் பார்த்தார்.

"இப்ப எடுக்கலாம்."

ஜெயசுதன் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்துவிட்டான். பயம் இன்னும் இருந்தது. ஆனாலும் அழுகை வந்தது சந்தோசத்தில்தான்.

சத்திரசிகிச்சை கண்டியில் நடந்தது. அவன் கண் விழித்தபோது விலாப்பக்கம் நெருப்பாய் எரிந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கோபிகாவைப் பற்றிக் கேட்கவும் பயமாக இருந்தது. கட்டிலருகில் நின்ற நிவேதனா, "அவ வேறை வாட்டிலை. சிவகரன் பாக்கப் போயிட்டார்," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் சிவகரன் ஓட்டமும் நடையுமாக வந்தான். மூச்சு வாங்க, வாட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"மச்சான், மூத்திரம் போகுது! பை நிரம்பி, நேர்ஸ் மாத்திறா. கிட்னி வேலை செய்யத் தொடங்கியிட்டுதாம்!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். ஜெயசுதனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தையல் இழுத்தது. நோவில் முனகிக்கொண்டே சிரித்தான். சிவகரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், விடவில்லை.

நிவேதனா சாவகச்சேரிக்குத் தொலைபேசி எடுத்து மாமியாருக்குச் சொன்னாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. பிறகு, "பிள்ளை ஏதும் சாப்பிட்டவனோ?" என்று அம்மா கேட்டார்.

"இன்னும் இல்லை மாமி. டொக்டர் சொன்னாப் பிறகுதான் குடுப்பினம்," என்றாள் நிவேதனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.