வைண்டிங் டிரைவர் தூங்கிய கதை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெங்களூரிலிருந்து கிளம்பிய வேனில் இருந்தவர்கள் வருமாறு. டிரைவர் சீட்டில் பேத்தமங்களா கிருஷ்ணப்பா. அவருக்குப் பக்கத்தில், முகத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, கைடு பிரேம். தலையில் மஞ்சள் பிளாஸ்டிக் ஹெல்மெட். முதல் வரிசையில் நேத்ரா, சரத் என்ற இளம் தம்பதி. இரண்டாம் வரிசையில் கேமராப் பையைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்திருந்த விநாயக். கடைசி வரிசை ஜன்னலோரம் ஞானசுந்தரி, வயது அறுபத்திரண்டு, பள்ளிக்கூடமொன்றின் ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவள்.

வேன் போய்க்கொண்டிருந்தது அவளுடைய சொந்த ஊருக்கு. சொந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்காக விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் வந்து, வந்த வழியே திரும்பிப் போகிற மனுஷி கோலார் தங்கவயலிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ரயிலில் எதிர் சீட்டுக்காரர், "இன்னாம்மா, லீவு நாள்ல எங்க?" என்று கேட்டபோது, "ஊருக்கு" என்றாள். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

காரணம் இதுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு டீனா போன வாரம் வந்து ஒன்று சொன்னாள். "ஆன்ட்டி, எங்க ஆபீஸ்ல நம்ம ஊருக்கு டூர் போயிட்டு வந்தாங்க. மரியகுழந்தைன்னு ஒரு வைண்டிங் டிரைவராம். டூட்டில தூங்கிட்டாராம். கேஜ் அறுந்து பதினோரு பேர் செத்துட்டாங்களாம். அது உங்க அப்பா பேரு இல்ல?"

அப்பா பேர்தான். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் எஞ்சினை இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். ஊரில் அந்தப் பெயருக்கு வேறு வைண்டிங் டிரைவர் கிடையாது. டூர் கம்பெனிக்கு அன்றைக்கே எழுதியிருப்பாள். ஆனால் காதால் கேட்காத ஒன்றை வைத்துக் கடிதம் எழுதுவது அவள் வழக்கமில்லை. ஆகவே சீட்டுப் பதிந்தாள். எந்த ஊர் என்று பிரேம் கேட்டதற்கு ஆம்பூர் என்றாள்.

"கைஸ், ஒரு தங்கமான நாளுக்கு ரெடியா?" என்றான் பிரேம். பேத்தமங்களா தாண்டுவதற்குள் இதையே மூன்று தடவை கேட்டுவிட்டான். மூன்று தடவையும் நேத்ரா "யெஸ்" என்றாள். கிருஷ்ணப்பா மட்டும் தன் ஊர் ஏரியைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

முதல் இடம் சைனைட் மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், மலையாகக் குவிந்து கிடப்பது. "இந்த மண்ணுக்குள்ள இன்னும் தங்கம் இருக்கு கைஸ்!" என்றான் பிரேம். சரத் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்தான். தங்கத்துக்கு வாசனை உண்டென்று எந்தக் கல்லூரியில் படித்தானோ. மாசி மாதக் காற்றில் இந்தத் தூள் சோற்றுத் தட்டில் வந்து விழும், துப்பத் துப்ப வாயில் நறநறக்கும். அதைச் சொல்ல ஞானசுந்தரிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. ஆம்பூர்க்காரிக்கு அது எப்படித் தெரியும்?

இரண்டாவது துரைமார் கிளப். "மினி இங்கிலாந்து" என்று பிரேம் கையை விரித்தான். அந்த மினி இங்கிலாந்தில், ஞானசுந்தரி வளர்ந்த தொழிலாளர் லைனில் பதினாறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். விநாயக் கிளப் வாசல் தூண் ஒன்றை இருபது நிமிஷம் படம் பிடித்தார். தூணும் நகராமல் ஒத்துழைத்தது.

மூன்றாவது, கேஜ் இறங்கி ஏறிய சுரங்கக் குழியான ஷாஃப்ட். உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று துருப்பிடித்த இரும்புக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். இங்கே பிரேம் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். குரலும் இறங்கியது.

"வைண்டிங் டிரைவர் மரியகுழந்தை. அன்னிக்குக் காலை ஷிஃப்ட். முந்தின ராத்திரி சரக்கு. பெல் அடிக்குது, அடிக்குது, எழுந்திருக்கல. திடீர்னு முழிச்சு லீவரை இழுத்தாரு. ரோப் கட். பதினோரு பேர். ஒரு பாடி கூட முழுசாக் கிடைக்கல."

"ஓ மை காட்" என்றாள் நேத்ரா, போனில் பதிவு செய்துகொண்டே.

சரக்காம். அப்பா இருமல் மருந்தைக்கூட மூடியில் அளந்து குடித்தவர். ஞானசுந்தரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடிதத்தின் முதல் வரியை மனசுக்குள் எழுத ஆரம்பித்தாள். 'தங்கள் நிறுவனத்தின் வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ளும் பிரேம் என்பவர்...' அவனுக்குச் சீட்டுக் கிழியாமல் விடப்போவதில்லை.

"இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு தம்பி?" என்று கேட்டாள்.

"புத்தகமா? அதைவிடப் பெரிசு ஆன்ட்டி. அவரோட சொந்த மகனே சொல்வாரு. நாலு மணிக்கு, ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில. நம்ம டூரோட ஹைலைட்டே அதுதான்."

மரியகுழந்தைக்கு ஒரே மகன். அவளுடைய தம்பி ஜோஸ்.

மத்தியானம் கல்லறைத் தோட்டத்தில் என்ன காட்டினான், சாப்பாட்டுக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மனசுக்குள் எழுதிய கடிதத்தை முதல் வரியிலிருந்து அடித்துக்கொண்டே வந்தாள்.

டீக்கடைப் பின்கட்டில் நாற்காலி போட்டு ஜோஸ் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை. முழங்கால்மேல் ஒரு பழைய சுரங்க ஹெல்மெட். அப்பா தரைக்குமேல், எஞ்சின் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை செய்தவர். ஹெல்மெட் அவர் தலையைக் கண்டதே இல்லை. எந்தப் பழைய சாமான் கடையில் பொறுக்கினானோ, உள்பட்டைகூட இல்லாத ஹெல்மெட்.

"எங்க அப்பா நல்லவருதான் சார்" என்று ஆரம்பித்தான். "ஆனா அன்னிக்கு..."

அப்போதுதான் விநாயக்கின் தோளுக்குப் பின்னால் அக்காவைப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது. நேத்ரா, "பரவாயில்ல அங்கிள், டேக் யுவர் டைம்" என்றாள். எழுந்து ஓடிவிடுவான் என்று ஞானசுந்தரி எதிர்பார்த்தாள். அவன் ஹெல்மெட்டை முழங்கால்மேல் நேராக்கி வைத்தான். பிறகு தொடர்ந்தான்.

"அன்னிக்குத் தூங்கிட்டாரு சார்."

கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வந்தது. விநாயக் மண்டியிட்டு அந்தக் கண்ணீரைப் படம் எடுத்தார்.

ஞானசுந்தரி மற்ற பயணிகளைப்போலக் கையை உயர்த்தினாள். "ஒரு சந்தேகங்க. செத்துப்போன பதினோரு பேர்ல ஒருத்தர் பேராவது சொல்றீங்களா? ஜெபத்துல நினைச்சுக்கலாம்."

ஜோஸ் ஹெல்மெட்டைப் பார்த்தான். ஹெல்மெட்டுக்கும் தெரியவில்லை.

"பேரெல்லாம் ரெக்கார்டுல இருக்கு ஆன்ட்டி. பாவம், எமோஷனலா இருக்காரு" என்றான் பிரேம். எல்லோருக்கும் டீ வந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டியருகே தம்பியைப் பிடித்தாள்.

"இன்னாடா இது?"

"அக்கா, நீ இன்னாத்துக்கு இவங்களோட வந்தே?"

"கேட்டதுக்குச் சொல்லு. அந்தப் பதினோரு பேரும் உசுரோட மேல வந்தாங்களா இல்லியா?"

"வந்தாங்க."

நடந்தது இவ்வளவுதான். வைண்டிங் டிரைவருக்குக் கேஜ் கண்ணுக்குத் தெரியாது. கீழே இருப்பவர் அடிக்கும் மணிதான் அவருக்குக் கண். அன்று மணி பாதியில் அறுந்து வந்தது. முழு மணி வராமல் எஞ்சினைத் தொடக்கூடாது என்பது விதி. அப்பா தொடவில்லை. மேனேஜர் போனில், "தூங்கறியா மேன்?" என்று கத்தினார். அப்பா நாற்பது நிமிஷம் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கீழே கேஜின் கதவு மூடவில்லை. ஒருவன் கால் வெளியே மாட்டியிருந்தது. இழுத்திருந்தால் கால் போயிருக்கும், ஆளும் போயிருப்பான். அதற்குப் பிறகு ரிட்டயராகும் வரைக்கும் ஷிஃப்ட் முழுக்க, "இன்னா மரியகொயந்த, தூங்கிட்டியா?" என்பதுதான் அவருக்கு வணக்கம். அந்தக் கேலியில் மரியாதை இருந்தது. மகன் அதிலிருந்து கேலியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டான்.

"அப்பா சவப்பெட்டியத் தூக்கனவங்கள்ல மூணு பேரு அந்தக் கேஜ்ல இருந்தவங்கடா. நீயும் பக்கத்துல நின்னுகினு இருந்தே."

"மொதல்ல நெசத்தைத்தான் சொன்னேன்க்கா. சத்தியமா. கேட்டுட்டு, அப்புறம் இன்னா ஆச்சுன்னாங்க. ஒண்ணும் ஆவல, எல்லாரும் வூட்டுக்குப் போனாங்கன்னேன். போனை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க." தோளால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஒருத்தரு செத்தாருன்னு சொல்லிப் பாத்தேன். நிமிந்தாங்க."

"அதுக்காகப் பதினோரு பேரையும் கொன்னுட்டியா?"

"வாராவாரம் எங்கிட்டக் கேக்க நாலு பேர் வராங்கக்கா. ஃபேக்டரில முப்பது வருசம் வெல்டிங் போட்டேன். அதை ஒரு நாய் கேக்கல."

"கம்பெனிக்கு எழுதப்போறேன்."

"எழுது. என் பேரைப் போடாதே. யாரோ சொன்னாங்கன்னு போடு. சர்ச்சுல எப்படிக்கா தலை காட்றது?"

"அப்பா பேரை மட்டும் போட்டியே? அவரு எங்க போயி தலை காட்டுவாரு?"

அவன் பதில் சொல்வதற்குள், "ஆன்ட்டி, வேன் கிளம்புது!" என்று பிரேம் கூப்பிட்டான். தான் ஆம்பூருக்குப் போகப்போவதில்லை என்றும், தன் வீடு இதே ஊரில்தான் என்றும், தன் தகப்பன் பெயர் மரியகுழந்தை என்றும் ஞானசுந்தரி அவனிடம் சொன்னாள். பிரேம் ஜோஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்து, "வாவ்! அப்ப நெக்ஸ்ட் வீக் நீங்களும் பேசறீங்களா?" என்று கேட்டான். அவன் சீட்டைக் கிழிப்பது வீண் வேலை என்று அவளுக்கு அந்த நிமிஷம் புரிந்தது. மண்ணை மோந்து பார்க்கிறவர்களுக்கு ஏற்ற கைடு.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எழுத உட்கார்ந்தாள். 'யாரோ சொன்னதாக' என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். அந்த 'யாரோ'வைப் படித்தால், அப்பாவின் நாற்பது நிமிஷமும் யாரோ சொன்னதாகவே ஆகிவிடும்போல் இருந்தது. கிழித்துப் போட்டாள். புதுத் தாளில் நடந்ததை வரிசையாக எழுதினாள். மணி எப்படி வந்தது, கதவு எப்படி இருந்தது, பதினோரு பேரும் எப்படி மேலே வந்தார்கள். கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

'தங்கள் பயணிகள் முன் காக்கிச் சட்டையுடன் அமரும் ஜோஸ் என்பவர் என் உடன்பிறந்த தம்பி. அவர் சொல்வது முழுப் பொய். அது பொய் என்று அவருக்கும் தெரியும். என் தகப்பனார் பெயரை இனி எவரும் சொல்வதானால், மேற்கண்டபடியே சொல்ல வேண்டும். இல்லையேல் சொல்லக்கூடாது.'

'உடன்பிறந்த' என்ற சொல்லில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அவள் அதை அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, அடியில் 'நகல்: திரு. ஜோஸ்' என்று எழுதி, இன்னொரு பிரதி எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை தபால் ஆபீசில் சில்வியா இரண்டு உறைகளையும் வாங்கிப் பார்த்தாள். "இன்னாக்கா, ரெண்டாவது உங்க தெரு அட்ரஸ். உங்க தம்பி வூடுதானே? நாலு எட்டு நடந்தா கையில குடுத்துரலாம். இதுக்குப் போயி ரிஜிஸ்டர் தபாலா?"

"கையில குடுத்தா வாங்கலன்னு சொல்வான். கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்."

சில்வியா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பசை டப்பாவை நகர்த்தினாள். ஞானசுந்தரி இரண்டு உறைகளின் வாயையும் ஒட்டி, விரலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள். முத்திரை விழுந்தது. பெங்களூருக்கு ஒன்றும், அவள் தெருவுக்கு ஒன்றுமாக இரண்டும் ஒரே பைக்குள் போயின.