தலைக்கனம்

டைனோசர் பொம்மை மறுபடியும் குப்புற விழுந்தது.

மருமகள் அதை எடுத்து மூக்கைத் தடவிப் பார்த்தாள். இந்தப் பட்டறையில் கணவன் இதுவரை ரெசின் பிசினை அச்சில் ஊற்றி வார்த்ததெல்லாம் யார் யாரோ செய்த உருவங்கள். அவளே களிமண்ணில் செதுக்கிய முதல் உருவம் இதுதான். பொம்மை சேகரிப்பாளர் சங்கப் போட்டிக்கு மாலை கூரியரில் போயாக வேண்டும். முட்டுக்கம்பி இல்லாமல் சொந்தக் காலில் நிற்காத பொம்மையை அங்கே சீந்தவே மாட்டார்கள்.

"பாதத்தைக் கொஞ்சம் பெருசாக்கிடேன்," என்றான் கணவன்.

"எதுக்கு, பூட்ஸ் மாட்டின மாதிரி இருக்கவா? நிஜத்துல அதோட பாதம் இவ்ளோதாங்க."

"அப்ப வாலைத் தரையில ஊணிடு."

"வாலைத் தூக்கிட்டுதான் நடந்துச்சு. இதென்ன ஸ்டூலா, மூணு கால் வைக்க?"

அட்டைப்பெட்டிக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த மாமியார் பொம்மையை வாங்கி, கையில் ஏந்திப் பார்த்தாள். "விழாம என்ன செய்யும்? இதுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. உன் மாமனார் மாதிரி."

சிரிக்க வாயெடுத்த மருமகள் அப்படியே நின்றாள். மறு நிமிஷம் ரம்பத்தை எடுத்துப் பொம்மையின் கழுத்தை அறுத்தாள். தலை உள்ளே கெட்டியாக இருந்தது. வாலை அறுத்தாள். அது குழாய் மாதிரி வெற்றாக இருந்தது.

"ஏங்க, அச்சை எப்படி வெச்சு ஆறவிடுறீங்க?"

"தலைகீழாத்தான். ரெசினை ஊத்திச் சுழட்டிட்டு கவுத்து வெச்சா, மிச்சமெல்லாம் மூஞ்சிக்கு இறங்கிடும். அப்பதான் பல்லு ஊசி மாதிரி வரும். எல்லாத்துக்கும் அப்படித்தானே செய்யறேன்?"

"அதுக்கெல்லாம் அடியில பலகை இருந்துச்சு. நிஜ மிருகத்துக்கு மண்டை எலும்புக்குள்ள காத்துதாங்க. வால்தான் கனம். அதனாலதான் ரெண்டு கால்ல நின்னுச்சு. வெளியே நான் சரியா செஞ்சேன், உள்ளே நீங்க மாத்திட்டீங்க."

"வாலைக் கீழ வெச்சா பல்லு மொண்ணையாயிடுமே." அவன் குரல் இறங்கியது. அவன் வார்க்கும் பல்லுக்கென்றே தேடி வருகிறவர்கள் இருந்தார்கள்.

"பல்லை உதடு மூடியிருக்கும்னு சொல்ற ஆராய்ச்சியாளர்கள் இருக்காங்க. ஒட்டுற புட்டி மாவுல நான் உதடு வெச்சுடறேன்."

"பல்லு தெரியாத டைனோசரா? அப்புறம் என் மூஞ்சியில யாரு முழிப்பா?"

"நான் முழிக்கிறேன்."

அவன் அச்சைப் புரட்டி, வாலைக் கீழாக வைத்துக் கட்டினான்.

ரெசின் இறுகும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிரித்ததும் பாய்ந்து எடுத்தாள். உதட்டை வைத்து இழைத்தாள். பிறகு மேசையில் நிறுத்தி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அணைபிடித்தார்கள்.

"கையை எடுங்க."

"நீ முதல்ல எடு."

"ரெண்டு பேரும் எடுங்க, வண்டி வந்துடும்," என்றாள் மாமியார்.

எடுத்தார்கள். பொம்மை முன்னால் சாய்ந்தது. வால் ஒரு முறை எழும்பித் தாழ, பின்னால் வந்து, ஒன்றையும் பற்றாமல் இரண்டு காலில் நின்றது.

கணவன் குனிந்து அதன் முகத்துக்கு நேராகப் பார்த்தான். "பல்லைக் காட்டாமலே முறைக்குதுடி," என்றான்.

வாசலில் கூரியர்காரன் மணி அடித்தான். மருமகள் பெட்டியை இழுத்தாள்.

"இருடி," என்று மாமியார் அவள் கையைப் பிடித்தாள். "கூரியர்காரன் நிக்கட்டும். இதை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கறேன்."